சந்தனப் பொட்டும் சிவப்புச் சுவிச்சும்

சுபநேரம் பிறக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரின்டரில் மஞ்சள் தாள் அடுக்கியிருந்தேன். பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் சேலை உடுத்து, பஞ்சாங்கம் சொன்ன திசையைப் பார்த்துக்கொண்டு, சுவரிலுள்ள கம்பியூட்டர் பிளக் சுவிச்சில் விரலை வைத்தபடி நின்றேன். பார்த்தவர்கள் ஏதோ ரொக்கட் விடப்போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மணிக்கூட்டு முள் நேரத்தைத் தொட்டது. சுவிச்சைப் போட்டேன்.

டப் என்று ஒரு சத்தம். மேலே சுற்றிய காற்றாடி மெல்ல மெல்ல நின்றது. வீட்டுப் பக்கம் ஓடிய ரேடியோவும் வாயை மூடிக்கொண்டது.

அந்த அமைதியில் உள்ளே இருந்து என் கணவரின் குரல் வந்தது.

"கரண்ட் போயிட்டுதோ? நான் இப்பதான் அயனைப் போட்டனான்."

அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

ஒரு ஐந்தாறு வருடத்துக்கு முந்திய சித்திரை அது. செங்கலடியில், பதுளை வீதிப் பக்கம், வீட்டின் முன்னறையைத் தட்டி எடுத்து நான் நடத்தும் ரைப்பிங் கடை அப்போதும் இப்போதிருக்கும் இடத்தில்தான் இருந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகள், கலியாணக் கார்டு, அந்தியேட்டி அழைப்பு, கோயில் நோட்டீஸ் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும்.

அந்தக் கடைக்கு ஒரு பெருமை உண்டு. பிழை வெளியே போகாது. மூன்று தரம் வாசிப்பேன், நான்காம் தரம் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிப்பேன். யாராவது பிழை என்று கொண்டுவந்தால் அவர்கள் கையால் எழுதித் தந்த தாளை எடுத்துக் காட்டுவேன். "பாருங்க, நீங்கதான் இப்படி எழுதித் தந்திருக்கிறீங்க." பிழை எப்போதும் மற்றவர்களுடையதாகவே இருந்தது. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிழமைக் கதையே அதுதான்.

அம்மனின் வலக்கை

அந்தக் கம்பியூட்டர் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் பதற்றம் விளங்கும்.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு ஏழு நாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு. குடி என்றால் தாய்வழியாக வருகிற வம்சம், மட்டக்களப்பில் கோயில் உரிமை எல்லாம் அதைக்கொண்டுதான். ஆறு நாளுக்குச் சிக்கலில்லை. ஐந்தாம் நாளை மட்டும் இரண்டு குடிகள் சேர்ந்து செய்வார்கள். அந்தக் குடிகளின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எதை முதலில் எழுதினாய் என்று கேட்டு ஆள் வரும்.

நோட்டீசிலும் அதுதான் சிக்கல். யார் பெயர் முதலில்? ஒரு குடிக்குத் தலைவர் போடியார். வட்டையில் பெரிய வயற்காரர், பேசினால் அங்கால் வரம்பில் நிற்பவனுக்கும் கேட்கும். மற்றக் குடிக்குத் தலைவர் கிளாக்கர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தம் போடமாட்டார், ஆனால் ஒரு காற்புள்ளியையும் விட்டுக்கொடுக்கமாட்டார். கோயிலில் மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்றிலும் முடிவில்லை. கடைசியில் இருவரும் என் கடைக்கு வந்து, கதிரைக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, "நீயே ஒரு வழி சொல்லு புள்ள" என்றார்கள்.

நான் நடுவில் அம்மன் படத்தை வைத்தேன். இரு பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவில், படத்துக்கு இரு பக்கமும் வைத்தேன். போடியார் வெற்றிலை துப்ப வெளியே போன நேரம் கிளாக்கரிடம் சொன்னேன்.

"ஐயா, உங்கட பேர் அம்மன்ட வலக்கைப் பக்கம் இரிக்கு."

கிளாக்கர் போன் பேச வெளியே போன நேரம் போடியாரிடம் சொன்னேன்.

"போடியார், வாசிக்கிற ஆக்கள்ட வலக்கைப் பக்கம் உங்கட பேர்தான்."

இரண்டும் உண்மை. படத்திலுள்ள அம்மன் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவளுடைய வலம் நமக்கு இடம். இருவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள், மற்றவரை ஒரு கண்ணால் இரக்கத்தோடு பார்த்தார்கள், "ஓம், இதுதான் சரி" என்றார்கள். அந்தச் சமாதானத்தின் ஆயுள் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். யாராவது இரண்டாம் தரம் யோசித்தால் போதும், உடைந்துவிடும். இப்போது இதை வாசித்துக் கோபிப்பதானால் இருவரும் கோபிக்கட்டும். நோட்டீஸ் அடித்து, சடங்கும் முடிந்து, குளிர்த்திப் பொங்கலும் சாப்பிட்டாயிற்று.

அன்றே அச்சடித்திருக்கலாம். ஆனால் வருடம் பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. போடியார் மறித்தார்.

"பழைய வருசத்துக் கடைசியில அடிக்கப்படாது. சுபநேரத்தில தொழில் தொடங்கக்குள்ள முதல் தாளா அம்மன்ட நோட்டீஸ் வரட்டும்."

கிளாக்கர் அதற்கு மேல் ஒன்று சேர்த்தார்.

"அதுவரைக்கும் கொப்பி ஒண்டும் எடுக்கப்படாது. பென்டிரைவிலயும் வேணாம். கொப்பி வெளிய போனா அதில கை வைக்க ஆள் இரிக்கு."

ஆக அந்தச் சமாதானம் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. டப் என்று வெடித்த பெட்டிக்குள்.

அயனும் நானும்

ட்ரிப் சுவிச்சை மேலே தள்ளினேன். காற்றாடி சுற்றியது, ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாடியது. கம்பியூட்டர் மட்டும் அசையவில்லை. பொத்தானை அழுத்தினேன், அழுத்திப் பிடித்தேன், தட்டினேன், கடைசியில் கெஞ்சியும் பார்த்தேன். ஒரு சின்ன வெளிச்சம்கூட வரவில்லை.

என் கணவர் தவராசா கையில் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். அவர் தபால்காரர். காக்கியைத் தவிர வேறு நிறம் அவருக்கு ஒத்துவராது என்று நான் சொல்வேன். பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் வாங்கிய புதுச் சட்டையை, எனக்குப் பக்கத்தில் நிற்கும்போது சுருக்கமில்லாமல் இருக்கவேண்டும் என்று அயன் பண்ணப் போயிருக்கிறார்.

சட்டையும் கையுமாக அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நேரம் காலம் தெரியாதா உங்களுக்கு? சரியா அந்த நிமிசம் பார்த்தா அயனைக் குத்துவீங்க? லோட் தாங்காமத்தான் வெடிச்சது. இப்ப போடியாருக்கு நீங்கதான் பதில் சொல்லவேணும்."

"நான் தெரியாமப் போட்டுட்டன்" என்றார் அவர்.

அயன் கெட்டுப்போகவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். கரண்ட் வந்ததும் அது பாட்டுக்குச் சுட்டது, அவர் சட்டையையும் முடித்தார். அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். ஏசத் தொடங்கியபின் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

போனில் வந்த வைத்தியம்

ஏறாவூர் நவாஸ் காக்காவுக்கு அழைத்தேன். அங்கே காக்கா என்றால் அண்ணன். கட்டாரில் பன்னிரண்டு வருடம் கம்பியூட்டர் பழுது பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் பகுதியில் பாதிப் பெட்டிகள் அவர் கைபட்டுத்தான் உயிரோடு இருக்கின்றன. அன்று அவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நின்றார்.

"லுஹர் தொழுதிட்டுத்தான் வரலாம் தங்கச்சி. அதுக்குள்ள நான் சொல்லச் சொல்லப் பாருங்க. என்ன மணம் வருது?"

முகர்ந்து பார்த்தேன். "சந்தனம்."

"என்னது?"

"நேத்துத்தான் துடைச்சுச் சந்தனம் வச்சனான் காக்கா. ஊதுபத்தியும் கொளுத்தி இரிக்கு. எரிஞ்ச மணம் தெரியல்ல."

காக்கா மணத்தை அதோடு விட்டுவிட்டார். மறுபடி தொடங்கினார். முதலில் பிளக்கைப் பார்க்கச் சொன்னார். போன் சார்ஜரைக் குத்தினேன், சார்ஜ் ஏறியது. பிளக் நல்லம். அடுத்து வயர்.

"சோறு காய்ச்சுற குக்கர் இரிக்கா? அதிட வயர் இதுக்கும் பொருந்தும். அதைக் கழட்டிக் குத்துங்க."

புதுவருடப் பொங்கலுக்குப் பிறகு சோறு போடலாம் என்று வைத்திருந்த குக்கரின் வயரைக் கழற்றி வந்து குத்தினேன். ஊகூம். வயரும் நல்லம்.

"அப்ப பவர் சப்ளைதான். பின்னுக்கு மேல இரிக்கிற பெட்டி. கரண்ட எடுத்து மற்றதுக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுக்கிறது அதுதான். அதையும் சோதிச்சிருவம். வயரைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டன்."

"சத்தியமா?"

"புதுவருசமும் அதுவுமா சத்தியம் கேக்காதீங்க. கழட்டிட்டன்."

பக்கத்து மூடியைத் திறந்தேன். அகலமான ஒரு பிளக் பலகையில் குத்தியிருந்தது. அதைப் பிடுங்கி, அதிலுள்ள பச்சை வயரின் ஓட்டையையும் கறுப்பு வயர் ஒன்றின் ஓட்டையையும் பேப்பர் கிளிப்பை வளைத்து இணைக்கச் சொன்னார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கரண்டைப் போடவேண்டும். பவர் சப்ளை உயிரோடிருந்தால் அதன் சின்னக் காற்றாடி சுற்றும்.

"அந்தப் பெட்டியை மட்டும் திறந்திராதீங்க. வயரைக் கழட்டினாலும் உள்ளுக்கக் கரண்ட் கொஞ்சம் நிக்கும். அடிச்சிப்போடும்."

பேப்பர் கிளிப்புக்கு என் கடையில் பஞ்சமா? வளைத்துச் செருகினேன். இந்தத் தரம் சுவிச்சில் விரல் வைக்கத் துணிவில்லை. தவராசாவைப் பார்த்தேன். அவர் வந்து, றப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சுவிச்சைப் போட்டார்.

காற்றாடி சுற்றவில்லை.

"முடிஞ்சு" என்றார் நவாஸ் காக்கா. "நான் வேற ஒண்டு கொண்டு வாறன். ஹார்ட் டிஸ்க் தப்பியிருந்தா எல்லாம் இரிக்கும். அதுக்கும் அடிச்சிருந்தா அல்லாஹ்தான் தெரியும். வந்துதான் சொல்லலாம்."

பயற்றம்பணியாரத்தோடு காத்திருப்பு

பத்து மணிக்குப் போடியாரும் கிளாக்கரும் முதல் தாளை வாங்க வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு புது வேட்டி. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் பின்னேரப் பூசையில் நோட்டீசை எல்லாருக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. பெட்டி திறந்தபடி, குக்கர் வயர் தொங்கியபடி கிடந்ததைக் கண்டதும் இருவர் முகமும் விழுந்தது.

"திருப்பி அடிச்சிரலாமே" என்றார் கிளாக்கர். "என்ட பேர் இந்தப் பக்கம், அவர்ட பேர் அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?" என்றார் போடியார்.

இருவரும் இப்போது ஒரே படத்தை மனதில் கொண்டுவந்து, தங்கள் தங்கள் வலத்தைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் இரண்டு கேள்வி போனால் மூன்று கூட்டமும் வீண், சடங்கும் ஆளுக்கொரு பக்கமாகப் போகும். என் கடை அதற்குக் காரணம் என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும்.

"திருப்பி அடிக்கேலாது" என்று பொய் சொன்னேன். "அந்த எழுத்து அதுக்குள்ளதான் இரிக்கு. காக்கா வாறார். இருங்க, பணியாரம் கொண்டு வாறன்."

"என்னத்தால போனது?" என்றார் போடியார். அந்தக் குரல் சந்திவரை கேட்டிருக்கும்.

நான் வாய் திறக்குமுன் தவராசா முன்னுக்கு வந்தார்.

"நான்தான். அவ வேலை தொடங்கிற நேரம் பார்த்து அயனைப் போட்டுட்டன். என்ட பிழை. அவவை ஒண்டும் சொல்லாதீங்க."

போடியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தபால்காரரை ஏசினால் கடிதம் பிந்தும் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, சரி" என்று பணியாரத்தில் கைவைத்தார். கிளாக்கர் இரண்டாவது தேத்தண்ணி கேட்டார். நான் உள்ளே போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன். எனக்காக அந்த மனிதர் ஒரு சபையில் நின்று பிழையை ஏற்றது இனித்தது. அதேநேரம் கொஞ்சம் குத்தவும் செய்தது. ஏன் குத்துகிறது என்று அப்போது தெரியவில்லை.

நகத்தால் சுரண்டியது

பகல் சாய்ந்த நேரம் நவாஸ் காக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தவராசா தலைவர்கள் இருவரையும் கிணற்றடிப் பக்கம் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருத்தியிருந்தார். கடைக்குள் நானும் காக்காவும்தான்.

அவர் பெட்டியைத் திருப்பினார். பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பார்த்தது என்னை.

"இதென்ன தங்கச்சி?"

"சந்தனப் பொட்டு."

"முன்னுக்கு மூணு வச்சிரிக்கிறீங்க. பின்னுக்கு என்னத்துக்கு?"

"லொறிக்கெல்லாம் பின்னுக்கும்தானே வைக்கிறாங்க."

அவர் சின்ன விரல் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினார். உலர்ந்த சந்தனம் பொருபொருவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே ஒரு சிவப்புச் சுவிச். நகமளவுதான் இருக்கும், ஒரு சின்னக் குழிக்குள், சந்தனம் வைக்கவென்றே செய்ததுபோல் இருந்தது. அதில் நூற்றுப் பதினைந்து என்று எழுதியிருந்தது.

"நம்மட நாட்டுக் கரண்ட் இருநூற்றி முப்பது" என்றார் காக்கா. "இது அமெரிக்காப் பக்கத்துக் கரண்டுக்குரிய இடம். ஆராவது தள்ளினாத்தான் இங்கால வரும். பாதித் தண்ணிக்கு வெட்டின வாய்க்காலுக்க முழுக் குளத்தையும் திறந்துவிட்டாப்போல ஆகியிருக்கு. வெடிக்காம என்ன செய்யும்?"

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முதல்நாள் பின்னேரம், துணியால் பின்பக்கத் தூசைத் துடைத்து, மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, அந்தச் சிவப்பைக் கண்டு, ஆகா என்று வைத்து, ஒட்டட்டும் என்று ஒரு அழுத்து அழுத்தி இழுத்தேன். விரலுக்குக் கீழே டிக் என்று ஏதோ அசைந்தது. கம்பியூட்டரும் பொட்டை ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன்.

"அப்ப அயன்?" என்றேன்.

"அயனுக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்ல. இது வெடிச்சதாலதான் ட்ரிப்பும் விழுந்தது." காக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. "அந்த மனிசனுக்கு எவ்வளவு ஏசினீங்க?"

நான் உதிர்ந்த சந்தனத்தைத் துணியால் கூட்டி எடுத்தேன்.

அவர் பையிலிருந்து வேறொரு பவர் சப்ளையை எடுத்தார். முதல் வேலையாக அதன் பின்பக்கத்தைத் திருப்பிச் சிவப்புச் சுவிச்சைப் பார்த்தார், எனக்கும் காட்டினார். நான்கு திருகாணி, பெரிய பிளக், சின்னப் பிளக், ஹார்ட் டிஸ்க் வயர் என்று பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் பிஸ்மி சொன்னார், நான் அம்மனைக் கும்பிட்டேன். சுவிச்சைப் போட்டார்.

பீப் என்று ஒரு சத்தம். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சங்கீதம் கேட்டதில்லை. திரை வெளித்தது. அந்தப் பைலைத் திறந்தேன். நடுவில் அம்மன், இரு பக்கமும் இரண்டு பெயர், ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

தலைவர்களைக் கூப்பிட்டோம். இருவரும் திரைக்கு முன்னால் குனிந்து, மறுபடியும் மற்றவரை ஒரு கண்ணால் இரக்கத்தோடு பார்த்து, "இதுதான், இதுதான்" என்றார்கள். மாமரத்துக்குக் கீழே ஒன்றாக மூன்று தட்டுப் பணியாரம் காலி பண்ணியதில் அவர்களுக்குள் ஒரு ஒட்டும் வந்திருந்தது. யோசிப்பதற்கு நேரம் கொடாமல் அச்சைத் தட்டினேன். மஞ்சள் தாள் சூட்டோடு வெளியே வந்தது. சுபநேரம் போய் ஆறேழு மணித்தியாலம் ஆகியிருந்தது. அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை.

"அயன்தானாமே காரணம்?" என்றார் கிளாக்கர், நவாஸ் காக்காவைப் பார்த்து.

காக்கா என்னைப் பார்த்தார். தவராசா பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு நின்றார், முகத்தில் அதே பிழை செய்தவர் பார்வையோடு. சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. என் வாய்க்குள் வந்தது, பல்லில் முட்டி நின்றது. பிழை வெளியே போகாத கடை அல்லவா.

"கரண்ட் விசயம். பல காரணம் இரிக்கும்" என்றார் காக்கா. புறப்படும்போது மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார். "தங்கச்சி, அந்த மனிசனுக்குச் சொல்லிருங்க."

"சொல்லுறன் காக்கா."

இன்னும் வராத கடிதம்

சொல்லவில்லை. அன்று சனம் நின்றது, அடுத்தநாள் கைவிசேடக் காசு வாங்க ஆள் வந்தது, அதற்கடுத்த கிழமை என்ன காரணம் என்று எனக்கே ஞாபகமில்லை. ஒவ்வொரு சித்திரைக்கும் நவாஸ் காக்கா பணியாரம் சாப்பிட வருவார். கம்பியூட்டரின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். "சொல்லியாச்சா?" என்பார். தவராசா என்ன விசயம் என்று கேட்பார். நாங்கள் சிரித்து மழுப்பிவிடுவோம்.

அந்தப் பெட்டி பழையதாகி, இப்போது புதிது வாங்கிவிட்டேன். இதில் சிவப்புச் சுவிச்சே இல்லை. தேடிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆனால் ஒன்று மாறவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் என் கணவர் காக்கிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பார். திரையில் வேலை ஓடுகிறதா என்று பார்ப்பார். மெதுவாகக் கேட்பார்.

"அயனைப் போடலாமோ?"

நான் செய்த வேலையைச் சேமித்து, கம்பியூட்டரை நிறுத்தி, "ம், போடுங்க" என்பேன். சில நாள் வேலை முடியுமட்டும் நிற்பார். சில நாள் சுருங்கிய சட்டையோடே தபாற் கந்தோருக்குப் போய்விடுவார். இந்த ஐந்தாறு வருடமும் அப்படித்தான். வேறு விலாசத்துக்கு வந்த ஒரு குற்றத்தை, தபால்காரராயிருந்தும் திருப்பி அனுப்பாமல், கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை ஊரில் முதலில் வாசிப்பதும் அவர்தான். சந்தியில் பத்திரிகை இறங்கியதும் வாங்கி, வீடு வருமட்டும் பொறுக்காமல் சைக்கிளை மதகில் சாத்திவிட்டு வாசிப்பார். வந்து, "இந்தக் கிழமை நல்லாயிரிக்கு" என்பார். நல்லாயில்லாத கிழமையும் அதைத்தான் சொல்வார். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது என்று இத்தனை வருடத்தில் தெரிந்துவிட்டது. விரலுக்கு மட்டும்தான் அது வரும். பிழை செய்ததும் அந்த விரல்தான்.

இஞ்சாருங்க, மதகடியில நிண்டு வாசிக்கிற நீங்கதான். அது அயனால இல்ல. நான் வச்ச பொட்டால. நாளைக்குக் காலம்பற வாசல்ல வந்து கேக்கவேணாம். கம்பியூட்டர் ஓடினா ஓடட்டும், நீங்க அயனைப் போடுங்க.